காஞ்சி இல்லாத போர்க்களம்
‘பிளனெட்சைட் 2’ என்னும் பெருந்திரள் கணினிப் போர் பற்றி மாத்தளையிலிருந்து ஒரு நோக்கு

1

போரைப் பாடுதலும் ஆடுதலும் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படுவன. பரணியாகவும் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் திரைப்படமாகவும் அவை வடிவெடுத்துள்ளன. அந்தந்தக் காலத்தின் உற்பத்தி முறையும் அதிகார உறவுகளும் போர் பற்றிய கற்பனையின் வடிவத்தை நிருணயிப்பதிற் பங்குகொள்கின்றன என்பது இலக்கிய வரலாறு கற்போர் அறிந்த உண்மையாகும். பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வு இவ்வுண்மையைச் சங்கப் பாடல்களின் வாயிலாக எமக்கு உணர்த்திற்று. அத்தகைய நோக்கினை நம் காலத்தின் மிகப் பரந்த போர்க் கற்பனை வடிவமாகிய கணினி விளையாட்டின் மீதும் செலுத்துதல் தகும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

கணினி விளையாட்டுக்களைப் பற்றித் தமிழிற் பேசுவோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். இளைஞரைக் கெடுக்கும் நச்சுப்பொருள் எனக் கடிந்து ஒதுக்குவது ஒன்று. வெறும் பொழுதுபோக்கு, அதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை எனக் கைவிடுவது மற்றது. இரண்டும் திறனாய்வுக்கு மாற்றாகா. முன்னது பயன்படுத்துவோனை மட்டும் குற்றவாளியாக்கிப் படைப்பை ஆராயாது விடுகின்றது. பின்னது படைப்புக்கும் சமுதாயத்துக்கும் உள்ள தொடர்பையே மறுக்கின்றது. எனவே ஒரு குறித்த ஆட்டத்தை எடுத்து, அதன் அமைப்பு யாது, அது எதனைக் காட்டுகிறது, எதனைக் காட்டாது விடுகிறது, யாருக்குச் சொந்தம் ஆகிய வினாக்களை எழுப்புவதே பயன் தரும் வழியாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது 2012 நவம்பர் 20 அன்று வெளிவந்த ‘பிளனெட்சைட் 2’ என்னும் ஆட்டமாகும். அறிவியற் புனைகதைக் களத்தில், சுடுவோனின் கண்ணூடாகக் காணும் முறையில், நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே வெளியிற் பொருதும் ஆட்டங்களுள் அது முதன்மையானது. 2015 ஜனவரியில் 1158 பேர் ஒரே களத்திற் பொருதமைக்காக அது கின்னஸ் சாதனைப் பதிவையும் பெற்றது.

2

ஆட்டத்தின் கதைப் பின்னணி சுருக்கமானது. பூமியிலிருந்து விண்வெளியின் ஒரு துளை வழியே ஒறாக்சிஸ் என்னும் கோளுக்குச் சென்றோர், அத்துளை மூடிக்கொள்ள, திரும்ப வழியின்றிச் சிறைப்படுகின்றனர். அங்கு முன்னர் வாழ்ந்து மறைந்த வேற்றினத்தாரின் கருவிகள் அவர்களுக்குக் கிட்டுகின்றன. அவற்றின் துணையால் இறந்தவர் மீண்டும் உடல்பெற்று எழும் வித்தை கைவருகின்றது. பின்னர் அம்மக்கள் மூன்று பேரணிகளாகப் பிரிகின்றனர். பழைய ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் காக்க முனையும் டெரன் குடியரசு ஒன்று. அதற்கெதிராகச் சுதந்திரம் பேசிக் கிளர்ந்த, வணிக நிறுவனங்களின் பின்பலமுள்ள புதிய கூட்டமைப்பு மற்றொன்று. வேற்றினத் தொழினுட்பத்தைச் சமயம் போலப் போற்றும் வானு அரசு மூன்றாவது.

விளையாடுவோர் பெரும்பாலும் இம்மூன்றனுள் ஒன்றைத் தெரிவுசெய்து களம் புகுகின்றனர். கண்டங்கள் பல, ஒவ்வொரு கண்டமும் பல நிலப்பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒன்றோடொன்று கோடுகளால் இணைக்கப்பட்டுள்ளது. அக்கோடுகளின் வழியே தளத்துக்குத் தளம் படை நகர வேண்டும். பன்னிருவர் கொண்டது ஓர் அணி. நான்கு அணிகள் சேர்ந்தது நாற்பத்தெண்மர் கொண்ட ஒரு பிளட்டூன். காயமுற்றோரை எழுப்பும் மருத்துவன், சிதைந்த ஊர்திகளைச் செப்பனிடும் பொறியியலாளன், மறைந்து ஊடுருவும் வேவுகாரன், கனரக ஆயுதம் தாங்கியோன் எனப் பணிகள் பகுக்கப்பட்டுள்ளன. ‘சண்டரர்’ எனப்படும் ஊர்தி களத்தின் அருகே நிறுத்தப்படுமாயின், இறந்தவர் அதனின்றும் மீள எழுந்து போரிற் சேரலாம். ஆதலின் எதிரியின் படைவீரனைக் கொல்வதிலும் அவ்வூர்தியைத் தேடி அழிப்பதே போரின் போக்கை மாற்றுவதாக அமைகின்றது.

தனியொருவனின் வீரத்துக்கு இக்களத்திற் கிடைக்கும் இடம் சிறிது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வணிகத் திரைப்படத்து நாயகன் போன்று நூறு பேரைத் தனித்து வீழ்த்துவோன் இங்கு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. ஊர்தியை உரிய இடத்திற் கொண்டு நிறுத்தியவன், ஒருவரும் பாராட்டாத வேளையிலும் கதவருகே நின்று தோழரை எழுப்பிக் கொண்டிருந்த மருத்துவன், பின்வாங்கும் நேரத்தை அறிந்து சொன்ன அணித்தலைவன் ஆகியோரின் கூட்டுச் செயலே தளத்தைக் காக்கின்றது. ஒருவரையொருவர் முன்பின் அறியாதோர், வேறு வேறு நாட்டினர், ஓரிரு மணி நேரத்துள் ஓர் ஒழுங்கிற்குட்பட்டு இயங்கக் காண்கிறோம். வீரநிலைக் கவிதையின் தலைவனை மையமாகக் கொண்ட நோக்கிலிருந்து திரளை மையமாகக் கொண்ட நோக்கிற்கு இவ்வடிவம் நகர்ந்துள்ளது. முற்போக்கு நோக்குடையோர் இதனைக் காணாது விடுதல் நேர்மையாகாது.

3

இக்களத்தைத் தொல்காப்பியப் புறத்திணையியலின் துணைகொண்டு நோக்கின், அதன் இயல்பு மேலும் தெளிவுறும். மண் விருப்பினால் பிறர் புலத்தின்மேற் படையெடுக்கும் வஞ்சி உண்டு. மதிலை முற்றுதலும் காத்தலுமாகிய உழிஞை, இவ்வாட்டத்தின் அன்றாட நிகழ்ச்சியாகும். வலிமையைக் காட்டுதலே பொருளாக இரு படைகள் எதிர்நின்று பொருதும் தும்பை, கண்டத்தின் நடுவே திறந்த வெளிகளில் நிகழ்கின்றது. ஒரு பேரணி கண்டத்தைக் கைப்பற்றி அடைக்கும்போது வாகை அறிவிக்கப்படுகின்றது. மூன்று பேரணிகள் ஓயாது முட்டிக்கொள்ளும் நிலை மூவேந்தர் பூசலையும் நினைவூட்டும்.

ஆயின் புறத்திணை ஏழனுள் ஒன்று இங்கு அடியோடு இல்லை. அது காஞ்சி. தொல்காப்பியர் காஞ்சியை உலகின் நிலையாமை பற்றிய திணையாக வகுத்தார். கணவனை இழந்தாளின் தனிமையைக் கூறும் முதுபாலையும், இறந்தோர் பொருட்டு எஞ்சினோர் செயலற்று வருந்தும் கையறுநிலையும் அத்திணைக்குரிய துறைகள். போர் நிகழ்ச்சிகளை வகைப்படுத்திய அதே இலக்கணம், போருக்குப் பின்னர் எஞ்சியிருப்போரின் குரலுக்கும் சமமான ஒரு திணையை ஒதுக்கியமை தற்செயலன்று. வெட்சித் திணையுள்ளும், வீழ்ந்த வீரனுக்குக் கல் கண்டு, நாட்டி, வாழ்த்தும் நடுகல் மரபு இடம்பெறுகின்றது. பண்டைப் போர்க் கவிதை வேந்தரின் நிலவேட்கையைப் போற்றிய கவிதையே எனினும், சாவின் விலையை மறைத்த கவிதையன்று.

‘பிளனெட்சைட் 2’இன் விதியமைப்பில் சாவு சில வினாடிக் காத்திருப்பு. வீழ்ந்த உடல் சற்று நேரத்தில் மறைந்துபோகின்றது. கைப்பற்றிய தளம் சில மணி நேரத்தில் கைமாறுகின்றது. கண்டம் அடைக்கப்படுகின்றது, பின் திறக்கப்படுகின்றது. ஒரு பேரணி இறுதி வெற்றி பெறுமாயின் ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே இறுதி வெற்றி எவர்க்கும் இல்லை. பேரணி மூன்றாக இருத்தலின் பயனும் இதுவே: ஒன்று மிகுமாயின் ஏனைய இரண்டும் அதனை நெருக்கிச் சமன் செய்யும். கதையளவில் ஒழுங்கு, சுதந்திரம், தொழினுட்பம் எனக் கொள்கைகள் பேசப்படினும், களத்தில் அவை செந்நிறம், நீலநிறம், ஊதாநிறம் என்னும் வேறுபாடுகளாகவும் ஆயுத வகைகளின் வேறுபாடுகளாகவும் சுருங்குகின்றன. போருக்குக் காரணம் உண்டு என்று சொல்லப்படுகின்றது. ஆனால் அக்காரணம் போரின் போக்கையோ முடிவையோ எவ்விதத்திலும் பாதிப்பதில்லை.

4

மீள எழுதல் என்பதே கண்டிக்கத்தக்கது எனக் கொள்ளுதல் பொருந்தாது. இறந்தோரை எழுப்பும் கற்பனை நம் மக்கள் கலைகளுக்கும் புதிதன்று. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதன் பின்னர் எழுப்பப்படுகிறான். விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையிற் படுகளக் காட்சி உண்டு. அதன் மூலமாகிய கொங்குநாட்டுச் சடங்கு மரபில் படுகளத்தில் வீழ்ந்தோர் எழுப்பப்படுகின்றனர். இவற்றிலும் ஊரே திரண்டு பங்குகொள்கின்றது. பார்ப்போர், ஆடுவோர் என்னும் எல்லை இவற்றிலும் தளர்ந்தே காணப்படுகின்றது. இவ்வகையில் பெருந்திரள் கணினிப் போரும் கூத்தும் உறவுடைய வடிவங்களே எனலாம்.

வேறுபாடு எங்குள்ளதெனில், சாவுக்கும் எழுச்சிக்கும் இடைப்பட்ட வெளியில் உள்ளது. காமன் எரிதற்கும் எழுதற்கும் இடையே ரதியின் புலம்பல் நிற்கின்றது. படுகளத்துக்கும் எழுப்புதலுக்கும் இடையே தங்கையின் அழுகை நிற்கின்றது. அப்புலம்பலைக் கேட்டு நிற்கும் பெண்கள் தத்தம் வீட்டு இழப்பினையும் சேர்த்தே அழுவர். எழுச்சி என்பது அவ்வழுகையின் பேறாக வருவது. அழுகையைத் தவிர்ப்பதற்கான வழியன்று. கணினிப் போர்க்களத்தில் அவ்விடைவெளியை நிரப்புவது கீழிறங்கும் வினாடிக் கணக்கும், அடுத்து எவ்விடத்தில் எழுவது எனத் தெரிவுசெய்யும் வரைபடமுமாகும். ஒப்பாரிக்குரிய இடத்தில் ஒரு நிருவாக அலுவல் வைக்கப்பட்டுள்ளது. இதுவே இவ்வடிவத்தின் ஆழ்ந்த குறைபாடு என்பது எமது கருத்து. குருதியை மிகுதியாகக் காட்டுவதோ கொலையை இனிமையாக்குவதோ அதன் முதன்மைக் குறையன்று.

5

வடிவத்தின் இவ்வியல்புக்குப் பொருளாதார அடிப்படை உண்டு. இவ்வாட்டம் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஆயுதங்கள், உடையலங்காரங்கள், மாதாந்த உறுப்புரிமை ஆகியவற்றின் விற்பனையே வருவாய். தொடக்க ஆண்டுகளில் உறுப்புரிமைக்கான மாதக் கட்டணம் ஏறத்தாழ 15 அமெரிக்க டொலர். 2021இல் நிருணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா, அக்கால மாற்று வீதத்தின்படி ஏறக்குறைய 5 டொலர். ஒரு மாதம் ‘உறுப்பினனாக’ இருத்தற்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் மூன்று நாள் உழைப்புத் தேவை என்பது இதன் பொருள். ஆனால் இலவசமாக ஆடுவோனும் நிறுவனத்துக்கு வேண்டப்படுபவனே. ஆயிரம் பேர் திரளாத களத்திற் காசு கொடுத்தவனுக்கும் போர் இல்லை. ஆடுவோரின் திரளே விற்பனைப் பொருளின் உள்ளடக்கம். ஊதியம் பெறாத அவ்வுழைப்பிற் கட்டப்பட்டதே இப்பேரரங்கு. ஆகவே போர் முடியாதிருத்தல் ஒரு கற்பனை நியதியன்று, வணிக நியதியாகும்.

1158 பேர் பொருத சாதனை நிகழ்ந்த மறு மாதமாகிய 2015 பெப்ரவரியில், ஆட்டத்தை உருவாக்கிய சோனி ஒன்லைன் எண்டர்டெயின்மென்ட் நிறுவனம் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, டேபிரேக் எனப் பெயர் மாறியது. அம்மாதமே ஊழியர் பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 2020 இறுதியில் டேபிரேக் சுவீடனைச் சேர்ந்த எனாட் குளோபல் 7 நிறுவனத்தின் கைக்கு மாறியது. களத்திற் பொருதோர் கோளின் நிலப்பகுதிகளைக் கைப்பற்றியும் இழந்தும் கொண்டிருக்கையில், அக்கோள் முழுவதுமே அவர்கள் அறியாத அறையொன்றிற் கைமாறியது. 2003இல் வெளிவந்த முதலாவது ‘பிளனெட்சைட்’ 2016 ஜூலை 1 அன்று வழங்கிகள் நிறுத்தப்பட்டு மூடப்பட்டது. சாவே இல்லாத வீரர் அனைவரும் ஒரே நாளில் மறைந்தனர். ஆட்டத்தினுள் இடம்பெறாத நிலையாமை, உடைமையாளரின் கணக்கேட்டின் வழியே உள்ளே நுழைந்தமை சிந்திக்கத்தக்கது.

போர் விளையாட்டுக்கும் படைத்துறைக்கும் உள்ள உறவும் மறக்கற்பாலதன்று. 1994இல் வெளிவந்த ‘டூம் 2’ ஆட்டத்தின் திருத்திய வடிவமொன்றை அமெரிக்க மரைன் படையினர் 1996இல் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். 2002இல் அமெரிக்கத் தரைப்படையே ஆட்சேர்ப்பு நோக்குடன் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதனோடு ஒப்பிடின் ‘பிளனெட்சைட்’ எந்நாட்டுக் கொடியையும் உயர்த்தவில்லை. ஆயினும் காரணமற்ற போர், எஞ்சினோர் அற்ற சாவு ஆகியவற்றைப் பழக்கமாக்கும் வகையில் அது அதே மரபின் நிழலில் நிற்கின்றது.

6

இவ்வாட்டத்தை மாத்தளையிலிருந்து நோக்குவதன் பொருத்தம் யாது என வினவப்படலாம். ஒருவகையில் அது தூரத்தின் வினா. கண்ணாடியிழை வடத்தில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். இலங்கைக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் நேர்த் தூரமே 8000 கிலோமீற்றரை அண்மிக்கும். எனவே அங்குள்ள வழங்கியொன்றுக்குச் செய்தி போய்த் திரும்பக் குறைந்தது 80 மில்லி வினாடி தேவை. வடங்களின் வளைவு சுழிவுகளையும் இடைநிலையங்களையும் கூட்டின் அது இரு மடங்கை எட்டுதலும் கூடும். ஆயிரம் பேரின் குண்டுகளையும் நடுவண் வழங்கியே கணித்தல் கடினமாதலின், குறி தப்பியதா பட்டதா என்பதைச் சுடுவோனின் கணினியே தீர்மானிக்கும் முறை இவ்வாட்டத்திற் கையாளப்பட்டது. அதனாற் சுவரின் பின் ஒளிந்துகொண்ட பின்னரும் ஒருவன் மடிய நேரும். எதிரியின் திரையில் அவன் இன்னும் வெளியே நிற்கிறான். சமத்துவமான களம் எனப்படுவதிலும் மத்தியும் விளிம்பும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அந்நிலையில் விளிம்பில் இருப்போன் களத்தை எட்டுதலே அரிதாயிற்று. ஆட்டத்தின் மொழிகளுள் தமிழுமில்லை, சிங்களமுமில்லை என்பதையும் இதனோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

இதனினும் முதன்மையான பொருத்தம் நினைவு பற்றியது. மாத்தளை, போர்களின் சுவடு படிந்த மாவட்டம். 1848 ஜூலையில் புதிய வரிகளுக்கெதிராகக் கிளர்ந்த மக்கள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி மாத்தளை நோக்கி நடந்தனர். படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, ஆகஸ்ட் 8 அன்று புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்த தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்ததும் மாத்தளையே. அவ்வழியில் நோயாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர். அவர்களுக்கு நடுகல் இல்லை. 1983 ஜூலை வன்செயல்கள் இந்நகரையும் விட்டுவைக்கவில்லை. 1987 முதல் 1989 வரையிலான கிளர்ச்சியும் அதன் ஒடுக்குமுறையும் இம்மாவட்டத்துச் சிங்கள இளைஞர் பலரைக் காணாமற் செய்தன. பின்னர் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரிற் களம் சென்ற சிப்பாய்களுட் பெருந்தொகையினர் இத்தகைய மாவட்டங்களின் வறிய கிராமக் குடும்பத்தினரே.

‘பிளனெட்சைட் 2’ வெளிவந்த அதே 2012 நவம்பரில், மாத்தளை வைத்தியசாலை வளவிற் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வு முடிவில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1980களின் பிற்பகுதிக்குரியன என ஒரு சாராரும், 1950க்கு முற்பட்டன எனக் காபன் காலக்கணிப்பை ஆதாரமாகக் காட்டி மற்றொரு சாராரும் கூறினர். இவ்விவாதம் மறைந்தோரின் தாய்மாருக்கு எவ்வித விடையையும் அளிக்கவில்லை. இரு நிகழ்ச்சிகளும் ஒரே மாதத்தில் நேர்ந்தமை தற்செயலே. ஒன்றை மற்றொன்றின் காரணமாகவோ குறியீடாகவோ காட்டுதல் எமது நோக்கமன்று. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோனுக்கு ஓர் உண்மை புலப்படும். ஒரு களத்தில் உடல்கள் சில வினாடிகளில் மறைந்து, ஆட்கள் எழுந்து வருகின்றனர். மற்றைய களத்தில் ஆட்கள் மறைந்து, உடல்கள் மட்டும் பல்லாண்டு கழித்து எழுந்து வருகின்றன, பெயர்கள் எழவில்லை. முன்னதில் மட்டும் பழகிய கண்ணுக்குப் பின்னதைக் காணும் ஆற்றல் குன்றுமாயின், அவ்விழப்பு விளையாட்டோடு நிற்பதன்று.

விளையாடும் இளைஞனைக் குற்றஞ்சாட்டுதற்காக இதனைக் கூறவில்லை. தோட்டத்து லயன் அறையிலிருந்தோ நகரத்துக் கடைத்தெருவிலிருந்தோ கணினித் திரையின் முன் அமரும் இளைஞன், பள்ளியிலும் வேலைத்தலத்திலும் தனக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அங்குத் தேடுகிறான். சமமான ஒருவனாக அணியிற் சேரவும், தன் திறமைக்கு மதிப்புப் பெறவும், தன் செயலாற் களம் மாறக் காணவும் அவன் விழைகிறான். அவ்வேட்கை நியாயமானது. அதனை நிறைவேற்றும் வாய்ப்பைச் சமுதாயம் வழங்காதபோது வணிகம் வழங்குகின்றது. தனக்கு வேண்டிய வடிவில் வழங்குகின்றது.

7

தொகுத்து நோக்குமிடத்து, பெருந்திரள் கணினிப் போர் இரு முகங்களை உடையது எனலாம். தனிநாயக வழிபாட்டைத் தளர்த்திக் கூட்டுச் செயலின் இன்பத்தைக் காட்டுதல் அதன் ஆக்கமான முகம். காரணத்தையும் துயரையும் முடிவையும் நீக்கிப் போரை நிலையான பண்டமாக்குதல் அதன் மற்றைய முகம். முன்னதைக் காக்கவும் பின்னதைக் கடக்கவும் கூடிய ஆட்டமொன்று இயலாததன்று. இறந்தோரின் பெயர் நின்று நிலைக்கும் களத்தையும், கைப்பற்றிய ஊரில் எஞ்சியோர் பேசும் களத்தையும், போரை முடித்துவைத்தலும் வெற்றியெனக் கொள்ளப்படும் களத்தையும் அமைத்தற்குத் தொழினுட்பம் தடையாக இல்லை. தடையாக இருப்பது அது யாருக்குச் சொந்தம் என்பதே.

மாத்தளை மண் தோட்டத்து வாழ்வைச் சிறுகதையாக்கிய எழுத்தாளர் பலரைத் தமிழுக்குத் தந்துள்ளது. புலம்பலைக் கலையாக்கிய கூத்து மரபும் இங்கு இன்னும் அற்றுப்போகவில்லை. கணினி அறிந்த புதிய தலைமுறையினர் இவ்விரு செல்வங்களையும் தம் கருவிகளோடு இணைப்பராயின், காஞ்சியும் உள்ள போர்க்களம் ஒன்றை அவர்கள் ஆக்குதல் கூடும். அதற்கு முன்னோடியாக, இவ்வாட்டங்களைப் பற்றித் தமிழில் முறையாகப் பேசவும் மதிப்பிடவும் வேண்டிய பொறுப்பு நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான இளைஞர் நாள்தோறும் மணிக்கணக்காக வாழும் கற்பனை உலகொன்றைத் திறனாய்வு தீண்டாது விடுமாயின், அவ்வுலகின் பொருளை நிருணயிக்கும் உரிமை முழுவதும் அதனை விற்போரிடமே சென்றுவிடும்.